தகரத்தைக் கழற்றச் சொன்ன நோட்டீஸ்

போன மாதம் எங்கள் பழைய இலாகாவிலிருந்து கூப்பிட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குச் சுண்ணாம்புச் சாந்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம். நான் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. ஆயர் ஈத்தாம் வீட்டில் என் மனைவியே நான் பேசினால் காதில் போட்டுக்கொள்வதில்லை. கேட்க ஆள் கிடைத்தால் விடுவேனா, போனேன்.

பினாங்கு ஜார்ஜ் டவுனில் கீழே கடையும் மேலே வீடுமாக நிற்கும் பழைய கடைவீடுகளை யாரும் இஷ்டத்துக்கு இடித்து, ஒட்டி, மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. இப்போது அந்தப் பிள்ளைகள் கையில் பலகை மாதிரி ஒரு கணினி இருக்கிறது. சுவரைப் படம் எடுத்தால் அது வருடம் சொல்கிறது, வகை சொல்கிறது, கூரையில் எத்தனை ஓடு என்றுகூடச் சொல்கிறது. சொல்லட்டும். சுவருக்குள் தண்ணீர் நிற்கிறதா என்று மட்டும் அதற்குத் தெரியாது. நான் பேசி முடித்ததும் காயத்ரி என்ற பெண் எழுந்து, "அங்கிள், உங்க சர்வீஸ்லயே நீங்க ரொம்ப பெருமப்படற பில்டிங் எது?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் இப்போதைய அதிகாரி திரையில் ஒரு படத்தைப் போட்டுவிட்டார். லிட்டில் இந்தியாவை ஒட்டிய சந்தில் இருக்கும் ஒரு கடைவீடு. மஞ்சள் சுவர், பச்சை ஜன்னல், கூரை முழுக்க மண் ஓடு. "இது சார் ஹேண்டல் பண்ண கேஸ்," என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, வேறு கேள்வி இருக்கிறதா என்று கேட்டேன். அங்கே சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். அப்பா ரயில்வேயில் கிளார்க், யாழ்ப்பாணத்துக் குடும்பம். எங்கள் வீட்டில் சாமிப் படத்துக்கு அடுத்த மரியாதை விண்ணப்பப் பாரத்துக்குத்தான். கோடு தாண்டாமல் எழுத வேண்டும், எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது, கையெழுத்துப் போடும்முன் இரண்டு முறை வாசிக்க வேண்டும். இப்படி வளர்ந்தவன் வேறு எங்கே போவான்? கட்டடத் துறையில் டிப்ளோமா வாங்கிக்கொண்டு அரசாங்க வேலைக்குத்தான் போனேன். முதல் நாலைந்து வருடம் அடுக்குமாடிகளில் அடைத்துக்கொண்ட சாக்கடையைப் பார்த்து அறிக்கை எழுதியதில் போயிற்று. என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று ஒருநாள் பழைய கட்டடப் பிரிவுக்கு மாற்றினார்கள். வேறு எந்தத் தகுதியும் அப்போது எனக்கு இல்லை.

அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் ஹஷிம். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர். பாட்டனார் நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் என்பதால் மலாயும் தமிழும் கலந்து பேசுவார். மலாயில் ஐயா என்பதற்கு என்சிக் என்பார்கள், அவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். மெலிந்த மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்பூன் இருக்கும். சாப்பிட அல்ல. சுவரைச் சுரண்ட.

அவருடன் ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் உடனே உள்ளே விடமாட்டார். எதிர்ப்பக்கம் வெயிலில் பத்து நிமிடம் நிற்க வேண்டும். எந்த ஓடு இறங்கியிருக்கிறது, எந்த ஜன்னல் கோணலாக இருக்கிறது, எந்த இடத்தில் செடி முளைத்திருக்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும், எழுதக் கூடாது. பிறகு உள்ளே போய், இடுப்பு உயரத்தில் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடப்பார். சத்தம் பொக்கென்று மாறும் இடத்தில் நின்று, ஸ்பூனால் சுரண்டி, அந்தத் தூளை நாக்கில் வைப்பார். முதல் முறை பார்த்தபோது எனக்குக் குமட்டியது. "உப்பு கரிச்சா தண்ணி கீழருந்து ஏறுது. கரிக்கலன்னா மேலருந்து எறங்குது. மிஷினு வாங்கி தரேன்னான் பழைய பாஸு. நாக்கு ஃப்ரீ தானே லா," என்றார். மூன்றாம் மாதம் நானும் நக்கினேன்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. புகார்க் கடிதம் வந்தால் கட்டடத்தின் பேரைப் படிக்கமாட்டார். நேரே கடைசிக்குப் போய் யார் கையெழுத்து என்று பார்ப்பார். "மொதல்ல செவுத்த பாக்காதே. யாரு கம்ப்ளேன் பண்ணான்னு பாரு. அவனுக்கு இதுல என்னா கெடைக்கும்னு கேளு. அப்பறம் ஏணி எடு," என்பார். இதை நான் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். கேட்டு என்ன பயன்?

ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய பிறகு எங்களுக்குப் பிடித்தது சனியன். அதுவரை பழைய வீடு என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டவர்கள் எல்லாம் பாரம்பரியக் காவலர்கள் ஆனார்கள். ஒருவர் காப்பிக்கடை வைக்கிறேன் என்று நல்ல சுண்ணாம்புப் பூச்சை முழுவதும் கொத்தி எடுத்துச் செங்கல்லை அம்மணமாக்கினார். ஏன் என்று கேட்டால், செங்கல் தெரிந்தால்தான் பழமை என்றார். அந்தச் செங்கல் கட்டிய நாளிலிருந்து வெளியே தலைகாட்டியதே இல்லை. இன்னொருவர் சுவர் ஈரமாக இருக்கிறது என்று மேலே சிமெண்ட்டை அப்பினார். இந்த ஊர்ப் பழைய சுவர் மண்ணிலிருந்து தண்ணீரைக் குடித்து, சுண்ணாம்பு வழியாக வெளியே விடுகிறது. சிமெண்ட் பூசினால் அதன் வாயைப் பொத்திய கணக்குத்தான். தண்ணீர் உள்ளேயே நின்று செங்கல்லைக் கரைக்கும். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம். செவிடன் காதில் சங்கு ஊதுகிற வேலைக்கு அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது.

நோட்டீசையும் விளக்கிவிடுகிறேன். அனுமதி இல்லாமல் ஒரு வேலை செய்திருந்தால், அந்த வேலையைச் செய்தவருக்கு நோட்டீஸ் போகும். ஆனால் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் வீட்டுக்குச் சொந்தக்காரர்தான் கையெழுத்துப் போட வேண்டும். குடியிருப்பவர் போட்டால் செல்லாது. கவனித்தீர்களா? ஒழுகுகிற கூரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் சொந்தக்காரருக்கு ஒரு காகிதமும் போகாது. ஒழுகுகிறதே என்று ஏணி வைத்து ஏறிய வாடகைக்காரருக்குத்தான் போகும். இதை எழுதிய புண்ணியவான் வாடகை வீட்டில் ஒருநாளும் இருந்திருக்க மாட்டார்.

சுமார் பதினைந்து வருடத்துக்கு முன், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஹஷிம் ஹஜ்ஜுக்குப் போனார். போகும்போது என்னைத் தற்காலிகப் பொறுப்பில் வைத்துவிட்டுப் போனார். இரண்டாம் நாளே ஒரு புகார் வந்தது. திரையில் காட்டினார்களே, அந்த வீடு. பின்பக்கக் கூரையில் மண் ஓடுகளை எடுத்துவிட்டுத் தகரம் போட்டிருக்கிறார்கள், விதிமீறல், உடனே நடவடிக்கை எடுக்கவும் என்று டைப் அடித்து அனுப்பியிருந்தார்கள். எனக்கு மகிழ்ச்சி. பொறுப்புக்கு வந்தவுடன் தெள்ளத் தெளிவாக ஒரு கேஸ்.

அந்த வீட்டில் மாவு மில் நடத்திக்கொண்டிருந்தவர் பாக்கியம் அக்கா. மிளகாய், மல்லி, மஞ்சள், முறுக்கு மாவு. நான் போனபோது ஐந்தடி நடைபாதையில் பிஸ்கட் டின்களோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். அக்காவின் புருவம் வரைக்கும் மிளகாய்த் தூள். என்னைப் பார்த்ததும் மில்லை நிறுத்திவிட்டு, அரசாங்க அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

கூரையைப் பார்த்தேன். தகரம்தான். சந்தேகமே இல்லை. அதன் கீழே நேராக மில், மில்லுக்குப் பக்கத்தில் பக்கத்து வீட்டோடு பங்கு போட்ட பெரிய சுவர். சுவரில் யாரோ எப்போதோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். அதையும் குறித்துக்கொண்டேன், அறிக்கையில் ஒரு வரி கூடுமே.

"ஓனரு போயி சேந்துட்டாரு, மவன் கோலாலம்பூர்ல இருக்காரு சார். மூனு தடவ போன் அடிச்சி சொல்லிட்டேன், ஓடு ஒடஞ்சி ஒழுவுதுன்னு. பாக்கலாம் பாக்கலாம்னாரு. தீவாளி மாவு நனஞ்சா நான் யாருக்கு பதில் சொல்றது? அதான் நானே ஆள வெச்சி போட்டுட்டேன்," என்றார்.

"தப்புக்கா. இங்கல்லாம் மண் ஓடுதான் போடணும். சட்டம்."

"கழட்டிட்டா மழ உள்ள வருமே சார்?"

"இப்போதைக்கு கென்வாஸ் கட்டுங்க. ஓனர்கிட்ட சொல்லி முறையா அப்ளை பண்ணுங்க. பாரம் நான் தரேன்."

கென்வாஸ் கட்டுங்க என்று சொன்ன அந்த வாயை என்ன செய்யலாம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பினாங்கில் ஐப்பசி மழை எப்படிப் பெய்யும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நோட்டீஸ் பாரத்தில் மழை என்று ஒரு கட்டம் கிடையாது. பதினான்கு நாளில் அகற்றவும் என்று அழகான கையெழுத்தில் எழுதி, இரண்டு முறை வாசித்து, முத்திரை வைத்துக் கொடுத்தேன். அதே வாரம் பக்கத்துக் கோப்பிக்கடைக்காரர் போட்டிருந்த தகரத்துக்கும் ஒரு நோட்டீஸ் எழுதினேன். மறுநாள் மாலை அந்தப் பக்கமாக வந்தபோது கூரையில் ஆள் நின்று தகரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். என் நோட்டீசுக்கு இவ்வளவு வேகமாக யாரும் அடிபணிந்ததில்லை. பெருமையோடு வீட்டுக்குப் போனேன், உண்மையைச் சொல்வதற்கென்ன.

தீபாவளிக்கு முந்தின வாரம் மழை பிடித்தது. கென்வாஸ் இரண்டு நாள் தாங்கியது.

ஹஷிம் மொட்டைத் தலையோடு திரும்பி வந்தார். எல்லாருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டு என் ஃபைல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். வழக்கம்போலப் புகாரின் கடைசிக்குப் போனார். அங்கேயே நின்றுவிட்டார்.

"யாரு இந்த தேவன்?"

"வீட்டுக்கு ஓனர் என்சிக். கோலாலம்பூர்ல இருக்காரு."

"ஓனரே சொந்த வீட்டு மேல கம்ப்ளேன் பண்ணிருக்கான். ஒனக்கு ஒன்னும் தோணலையா?"

தோன்றவில்லை. கையெழுத்து இருந்தது, தேதி இருந்தது, முகவரி இருந்தது. ஒரு கட்டமும் காலியாக இல்லை. வேறு என்ன தோன்ற வேண்டும் எனக்கு?

உடனே புறப்பட்டோம். அன்று எதிர்ப்பக்கம் நின்று பார்க்கவில்லை. ஹஷிம் நேராக உள்ளே போய்ச் சுவரைத் தட்டினார். தட்டிய இடமெல்லாம் பொக்கென்றது. சிமெண்ட்டுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் மழைத்தண்ணீர் இறங்கி, மில்லுக்கு நேரே சுவர் வயிறு தள்ளி நின்றது. சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். பாக்கியம் அக்காவிடம், "ஒப்பந்தம் இருக்கா அக்கா?" என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். தேவனின் அப்பா உயிரோடு இருந்தபோது எழுதிக் கொடுத்தது. இன்னும் ஏழு வருடம் பாக்கி. யாரும் அவரை அசைக்க முடியாது. ஒரே ஒரு நிபந்தனை: கட்டடம் புழங்கத் தகுதியற்றது என்று அரசாங்கம் அறிவித்தால் ஒப்பந்தம் அன்றோடு முடிந்துவிடும். தேவன் அதைப் படித்திருக்கிறார். நான்தான் படிக்கவில்லை. கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு ஹஷிம் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். தகுதியற்றது என்ற அறிவிப்பைத் தள்ளிப்போட ஒரு கடிதம், முட்டுக்கொடுக்க அவசர அனுமதி கேட்டு ஒரு கடிதம், சொந்தக்காரர் கூரையை உடனே சரிசெய்ய வேண்டும் என்று ஒரு கடிதம். மூன்றையும் கையாலேயே எழுதினார், டைப் அடிக்கக் காத்திருக்கவில்லை. மரமுட்டுகள் வந்தன. சுவர் விழவில்லை. ஆனால் பார்க்க வந்த பொறியாளர், முட்டுக்கொடுத்த சுவருக்குப் பக்கத்தில் மில் ஓடக்கூடாது, அதிரும் என்று எழுதிவிட்டார். அவர் சொன்னது சரிதான். இந்தக் கதையில் என் எரிச்சலே அதுதான். எல்லாரும் சொன்னது சரிதான்.

தேவனிடமிருந்தும் பதில் வந்தது, ஒரே வாரத்தில். மூன்று போனுக்கு அசையாதவர் பத்துப் பக்கம் எழுதியிருந்தார். வீட்டை முழுவதுமாக, முறைப்படி, சுண்ணாம்பும் மண் ஓடும் வைத்துப் புதுப்பிக்கத் தயார். வரைபடம்கூட இணைத்திருந்தார். அதற்கு வீடு காலியாக இருக்க வேண்டும். எங்கள் சட்டம் ஒரு சொந்தக்காரரிடம் எதிர்பார்ப்பது எல்லாம் அந்தக் கடிதத்தில் இருந்தது.

"இதுக்கு மேல என்கிட்ட கடுதாசி இல்ல," என்றார் ஹஷிம். அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தகுதியற்றது என்ற அறிவிப்பு வந்தது, ஒப்பந்தமும் அன்றோடு முடிந்தது. தைப்பூசம் முடிந்த வாரம் பாக்கியம் அக்கா மில்லைக் கழற்றி லாரியில் ஏற்றினார். நான் போகவில்லை. வேறு வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டேன். இருந்ததுதான், ஆனால் அது மறுநாள்கூடச் செய்யக்கூடிய வேலை.

இரண்டு வருடம் கழித்து வேலை முடிந்தது, பார்வையிட வரவும் என்று தேவனின் கட்டடக் கலைஞர் எழுதினார். ஹஷிம் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். நான்தான் போனேன். காலை ஒன்பது மணிக்கு உள்ளே நுழைந்தவன் ஒரு மணி வரை வெளியே வரவில்லை. குறை தேடினேன். எப்படித் தேடினேன் என்றால், வேண்டாத மருமகள் வைத்த குழம்பில் மாமியார் தேடுகிற மாதிரி தேடினேன். சுவரைத் தட்டினேன், எங்கும் பொக்கென்ற சத்தமில்லை. சுரண்டி நாக்கில் வைத்தேன், உப்பில்லை. ஓடுகளை எண்ணினேன், மரத்தைக் குத்திப் பார்த்தேன், ஜன்னல் கொண்டியைக்கூட விடவில்லை. எல்லாம் நான் பாரத்தில் எழுதிய நிபந்தனைப்படி அச்சாக இருந்தது. மில் இருந்த இடத்தில் தங்கும் விடுதியின் வரவேற்பு மேசை. அங்கே நின்ற பெண் எனக்குக் குளிர்ந்த துண்டும் எலுமிச்சைத் தண்ணீரும் கொடுத்தாள்.

கையெழுத்துப் போட்டேன். போடாமல் இருக்கக் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி செபராங் ஜெயாவுக்குப் போனேன். பாக்கியம் அக்கா அங்கே ஒரு கடைவரிசையில் மில் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். கான்கிரீட் கூரை, வழவழப்பான டைல்ஸ் தரை. ஒரு சொட்டு ஒழுகாது. இரண்டு பேர்தான் காத்திருந்தார்கள். பழைய ஆட்கள் மிளகாய் அரைக்கப் பாலம் கடந்து வருவார்களா என்ன? என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். இங்கேயும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

வீடு நன்றாக வந்திருக்கிறது என்று சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. வேறு வார்த்தை வரவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு, மல்லியைத் தராசில் கொட்டிக்கொண்டே கேட்டார்.

"ஒன்னு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிருந்தேன் சார். அன்னைக்கு அந்தத் தகரத்த நான் கழட்டாமலே இருந்திருந்தா என்னா ஆயிருக்கும்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் செய்தது போதாதென்று அந்த அம்மாளிடம் பொய் வேறா?

"ரெண்டாவது நோட்டீஸ் வந்திருக்கும்," என்றேன். "அப்பறம் ஞாபகக் கடுதாசி. அப்பறம் விசாரணைக்குக் கூப்பிடுவாங்க, அது ரெண்டு தடவ தள்ளிப்போவும். கடைசில அபராதம். அதுக்கும் அப்பீல் இருக்கு."

"எவ்ளோ நாளு புடிக்கும்?"

"ஒன்னரை வருஷம். ரெண்டு வருஷம்."

"அதுக்குள்ள செவுரு?"

"நனஞ்சிருக்காது. நின்னிருக்கும்."

"பக்கத்துல கோப்பிக்கடைக்காரருக்கும் நீங்கதான நோட்டீஸ் கொடுத்தீங்க, அதே வாரம்?"

"ஆமா."

"அவரு இருக்காரா?"

"இருக்காரு."

"அவரு போட்ட தகரம்?"

"அதுவும் இருக்கு அக்கா."

தராசு முள் நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டினால் வாங்கிக்கொள்ளத்தான் நான் போயிருந்தேன்.

"நான் சட்டத்துக்கு பயந்து கழட்டல சார். கோப்பிக்கடைக்காரரு அன்னைக்கே சொன்னாரு, இந்தக் காயிதத்துக்கெல்லாம் யாரும் மதிப்பு குடுக்க மாட்டாங்கன்னு. நாந்தான், வந்தவரு நம்மாளு, நமக்கு கெடுதலா எதும் சொல்ல மாட்டாருன்னு நம்பி கழட்டுனேன்."

மல்லியை மில்லின் வாயில் கொட்டி சுவிட்சைப் போட்டார். கடை முழுக்கச் சத்தம். மன்னிச்சிடுங்க அக்கா என்றேன். அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவர் திரும்பவில்லை, நானும் இன்னொரு முறை சொல்லவில்லை.